லேப்டாப்பைக் கொடு, ராமலெட்சுமி

ராமலெட்சுமி அந்தக் கடிதத்தை இரண்டாகக் கிழித்தாள். பிறகு நாலாக. துண்டுகளைத் தாளாளரின் மேசை மேலேயே வைத்துவிட்டு, "வேற டைப் அடிச்சுக் குடுத்தாலும் இதேதான் சார் செய்வேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பஸ் ஏறினாள்.

கடல்வாசல் பொறியியல் கல்லூரித் தாளாளர் சின்னச்சாமியிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை என்பது சோணைமுத்துவுக்குப் பிற்பாடுதான் தெரிய வந்தது. அந்த நேரம் அவன் ராமநாதபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை மாடியில், சுலைகா துப்பறியும் நிறுவனத்தின் ஒரே ஃபேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரண்ட் போய் வெகு நேரமாகியிருந்தது.

"அக்கா, கரண்ட் இருந்தா கேஸ் வர மாட்டேங்குது. கரண்ட் இல்லாதப்ப கரெக்டா வருது" என்றான், படியில் செருப்புச் சத்தம் கேட்டதும்.

சுலைகா முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். நாற்பதைத் தாண்டியவள். முன்பு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தங்கச்சிமடத்துக் கரையில் அலைந்தவள். கடலில் மூழ்கிவிட்டதாகச் சொல்லப்பட்ட விசைப்படகுகளை, பெயிண்ட் மாற்றி வேறு பெயரில் நிற்கும் இடத்தில் போய்த் தொட்டுக் காட்டுவது அவள் வேலையாக இருந்தது. படகில் கற்றதை இப்போது மனிதர்களிடம் செய்து பார்க்கிறாள் என்பது சோணைமுத்துவின் கருத்து. அவன் அவளுக்கு உதவியாளன், டிரைவர். சிரிக்க வைப்பது சம்பளத்தில் சேராது.

வந்தவள் ராமலெட்சுமி. கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டுக்காரர் மகள். குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அவள் அழவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாள், ஒரே மூச்சில் குடித்தாள், ஆரம்பித்தாள்.

மூன்று வருஷமாக அந்தக் கல்லூரியில் விரிவுரையாளர். சேர்ந்த அன்றே பத்தாம் வகுப்பு முதல் முதுகலைப் பட்டம் வரை அத்தனை ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார்கள். பதிலுக்கு ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். துறைத் தலைவர்களுக்கு மெலிதான வெள்ளி நிறம், மற்றவர்களுக்குத் தடித்த கறுப்பு, லேப் உதவியாளர்களுக்குத் தூரத்திலிருந்து பார்க்க மட்டும். இப்போது காரைக்குடியில் பல்கலைக்கழக வேலை கிடைத்திருக்கிறது. ராஜினாமா எழுதிக் கொடுத்து, திங்கட்கிழமை லேப்டாப்பைக் கல்லூரியில் ஒப்படைத்தாள். இன்றைக்கு, வியாழக்கிழமை காலை கூப்பிட்டு, நீ கொடுத்தது நாங்கள் தந்த லேப்டாப்பே இல்லை, நம்பர் வேறு, நல்லதை விற்றுவிட்டுப் பழசைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாய் என்றார் தாளாளர். இரண்டு வழி சொன்னார். மாற்றியது நான்தான் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு, ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்ப்பது ஒன்று. இல்லாவிட்டால் போலீஸ். எப்படியானாலும் சர்டிபிகேட் இப்போது கிடையாது.

"காரைக்குடியில எப்ப சேரணும்?" என்று கேட்டாள் சுலைகா.

"நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள ஒரிஜினலோட போய் நிக்கணும். இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்ருவாங்க."

"கையெழுத்துப் போட்டா இப்போதைக்குத் தப்பிச்சிரலாமே."

"எடுக்காத பொருளுக்கு எதுக்கு மேடம் எழுதிக் குடுக்கணும்? அந்த வேலை போனாக்கூடப் போகட்டும். திருடின்னு என் கையால எழுத மாட்டேன்."

சுலைகா எழுந்தாள். பிறகு ஆம்னி வேன் சாவியை எடுத்துச் சோணைமுத்துவிடம் எறிந்தாள்.

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம் தாண்டியதும் கல்லூரியின் விளம்பரப் பலகை வந்தது. 'எங்கள் ஆசிரியர் ஒவ்வொருவர் கையிலும் மடிக்கணினி' என்று பெரிய எழுத்து. அதன் கீழே சின்னச்சாமி ஒரு லேப்டாப்பை முறம் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அவருக்கு அதத் திறக்கத் தெரியாது போலக்கா" என்றான் சோணைமுத்து. "பூட்டத்தான் தெரியும்."

சின்னச்சாமி அவர்களை மரியாதையாகவே வரவேற்றார். ஏசி அறை, இளநீர். அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்ல யாராவது வந்தால் நல்லதுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ராமலெட்சுமியை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் சுலைகா உள்ளே போயிருந்தாள். அந்த லேப்டாப்பை ஒருமுறை பார்க்கலாமா என்று பணிவாகக் கேட்டாள்.

மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புப் பை வந்தது. ஜிப் மேல் அரக்கு முத்திரை.

"அந்தப் பொண்ணு குடுத்த பை இது" என்றார் சின்னச்சாமி. "அடியில இருக்கிற நம்பரப் பாத்தேன். நம்ம லேப்டாப் இல்லன்னு தெரிஞ்ச உடனே உள்ள வச்சு நானே சீல் போட்டேன். வேற யாரும் தொடல. ஆன் பண்ணிக்கூடப் பாக்கல."

"சார்ஜர்?"

"அதுவும் உள்ளதான் கிடக்கு. அத எதுக்கு எடுக்கணும்?"

"ஆன் பண்ணிக் காட்டச் சொல்றீங்களா சார்? ஓடுதான்னு பாத்துட்டா நானே பொண்ணுகிட்டப் பேசுறேன்."

சின்னச்சாமி மணியை அடித்தார். வந்த ஆளிடம், கம்ப்யூட்டர் அறை பாக்கரைக் கூப்பிடு, சீல் வைத்த லேப்டாப்பை ஆன் பண்ண வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பாக்கர் வந்தார். ஒடிசலான ஆள், ஐம்பதை நெருங்குபவர். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கையில் கொண்டுவந்த ஒரு சின்ன வெள்ளைப் பொருளை மேசையில் வைத்தார். முத்திரையை உடைத்தார். லேப்டாப்பை எடுத்து வைத்தார். பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து சார்ஜர் ஒயரை உருவினார். அதன் நுனியில் இருந்தது தடித்த பிளக். மூன்று முள்ளும் உருண்டையாக இல்லாமல் பட்டையாக இருந்தன. பாக்கர் அதை அந்த வெள்ளைப் பொருளில் செருகி, அதைக் கொண்டுபோய்ச் சுவரில் செருகினார். லேப்டாப் முனகிக்கொண்டு உயிர் பெற்று, பாஸ்வேர்டு கேட்டு நின்றுவிட்டது.

சோணைமுத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை. சுலைகாவோ திரையைப் பார்க்கவே இல்லை. கீபோர்டின் மேல் குனிந்திருந்தாள். பழைய மெஷின், ஆனால் எழுத்துகள் மட்டும் பளபளவென்று இருந்தன. ஒவ்வொரு கீயின் மேலும் ஸ்டிக்கர்.

"எழுத்து அழிஞ்சு போயிருக்கும். ஒட்டியிருப்பா" என்றார் சின்னச்சாமி.

"இருக்கும் சார்." சுலைகாவின் விரல் A மேல் ஒரு கணம் நின்று நகர்ந்தது. "இந்த மாதிரி இதுக்கு முன்னாடியும் நடந்திருக்கா?"

இந்தக் கேள்வி சின்னச்சாமிக்குப் பிடித்திருந்தது. தன் பெருந்தன்மையைச் சொல்ல ஒரு வாய்ப்பு. போன வருஷம் நூர் நிஷா என்று ஒரு பெண்ணும் இதே வேலையைச் செய்தது, அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறான், அங்கிருந்து வந்த பழசை வைத்துவிட்டு நல்லதை எடுத்துக்கொண்டது, கேட்டதும் ஒழுங்காக எழுதிக் கொடுத்தது, நானும் மன்னித்துவிட்டேன், இன்றைக்கும் இங்கேதான் வேலை பார்க்கிறது என்றார்.

"அந்த லேப்டாப்ப என்ன சார் பண்ணுனீங்க?"

"பீரோவுல பத்திரமா இருக்கு. சாட்சியில்ல அது."

சுலைகா எழுந்து நன்றி சொன்னாள். நாளைக் காலையில் அந்தப் பெண்ணைக் கூட்டி வருவதாகச் சொன்னாள். எல்லா ஸ்டாஃபையும் கூப்பிட்டு வைக்கிறேன், அவர்கள் முன்னால் கையெழுத்துப் போட்டால் மற்றவர்களுக்கும் பாடமாக இருக்கும் என்றார் சின்னச்சாமி. ரொம்ப நல்ல யோசனை என்றாள் சுலைகா.

*

வேன் கிளம்பும்வரை சோணைமுத்து பொறுத்திருந்தான். பிறகு முடியவில்லை.

"என்னக்கா இது? கேஸ் குடுத்தவளயே கூட்டிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. இளநி அவ்வளவு நல்லாவா இருந்துச்சு?"

பின்சீட்டில் இருந்த ராமலெட்சுமியும் அதையேதான் கேட்கவிருந்தாள். சுலைகா சாலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"சோணை, வெளிய வெயில் கொளுத்துது. ஒருத்தன் குடையும் கையுமா வீட்டுக்குள்ள வாரான். வந்து நின்னதுக்கப்புறம் மழை பிடிக்குது. என்ன அர்த்தம்?"

"வானிலை அறிக்கை கேட்டிருக்கான்."

"பாக்கர் கையில என்ன இருந்துச்சு?"

அப்போதுதான் சோணைமுத்துவின் கால் பிரேக்கை மிதித்தது. அந்த வெள்ளைப் பொருள் கன்வர்ட்டர். அரபு நாட்டுப் பட்டை முள் பிளக்கை நம் ஊர்ச் சுவரில் செருகுவதற்கானது. அவன் மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த அயர்ன் பாக்ஸுக்கு அது இல்லாமல் வீடே கசங்கிய சட்டையோடு திரிந்தது. சீல் உடையவில்லை, சார்ஜர் வெளியே வரவில்லை, யாரும் தொடவே இல்லை. அப்படியிருந்தும் கன்வர்ட்டர் வேண்டியிருக்கும் என்று பாக்கருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது.

"அந்த லேப்டாப் அவருக்குப் பழக்கமானது" என்றான் மெதுவாக.

சுலைகா கட்டைவிரலை நீட்டினாள். நகத்தின் நுனியில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் வெள்ளையாக A.

"இதுக்கு அடியில அரபி எழுத்து. ஷீன். சின்னப் பிள்ளையில மதரஸாவுல அடி வாங்கிப் படிச்சது, மறக்குமா? அந்த மெஷின் வளைகுடாவுல வாங்குனது. கமுதிப் பொண்ணு கையில அரபி எழுத்து லேப்டாப் எப்படி வந்துச்சுன்னு யாராவது கேட்ருவாங்கல்ல? அதனாலதான் ஸ்டிக்கர். ராமலெட்சுமிக்காக ஒட்டுனது. அப்படின்னா ஸ்டிக்கர் ஒட்டாம, அரபி எழுத்தோடயே அத யார்கிட்டக் காட்டுனாங்க?"

பின்சீட்டில் ராமலெட்சுமி தன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நூர் நிஷா பெரியபட்டினத்துல இருக்கா" என்றாள். "எங்க டிபார்ட்மெண்ட்தான். போன வருஷத்துல இருந்து யாரோடவும் பேசறதே இல்ல."

*

மாலை அசர் தொழுகை முடிந்து தெருவில் ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தபோது பெரியபட்டினம் போய்ச் சேர்ந்தார்கள். நூர் நிஷாவின் வீட்டில் வெளிநாட்டுச் சாமான் நிறைய இருந்தது. பேச்சுதான் இல்லை. ராமலெட்சுமியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. கல்லூரி விஷயம் எதுவும் பேச விருப்பமில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். டீ மட்டும் வந்தது.

சுலைகா வற்புறுத்தவில்லை. டீயைக் குடித்து முடித்தாள். நகத்தில் இருந்த ஸ்டிக்கரை எடுத்து நூர் நிஷாவின் முன்னால் ட்ரேயில் ஒட்டினாள்.

"இதுக்கு அடியில ஷீன் இருந்துச்சும்மா. உங்ககிட்டக் காட்டுனதுலயும் அப்படித்தானே?"

நூர் நிஷா அந்த எழுத்தை விரலால் தொட்டாள். பிறகு நெஞ்சில் ஒரு வருஷமாகக் கிடந்தது வெளியே வந்தது. மதுரையில் ஒரு நல்ல வேலை கிடைத்து ராஜினாமா கொடுத்திருக்கிறாள். லேப்டாப்பை ஒப்படைத்த மறுநாளே இந்த அரபி எழுத்து மெஷினை எடுத்து வைத்து, நீதான் மாற்றினாய் என்றார்கள். அவள் இல்லவே இல்லை என்றிருக்கிறாள். உன் அண்ணன் ஜெய்னுலாபுதீன் அரபு நாட்டில், தம்மாமில்தானே இருக்கிறான், வேறு யாருக்கு இது கிடைக்கும் என்றார் சின்னச்சாமி. போலீஸ் கேஸ் ஆனால் அண்ணன் பாஸ்போர்ட்டும் மாட்டிக்கொள்ளும், லீவில் வந்தால் திரும்பிப் போக முடியாது என்று வேறு சொல்லியிருக்கிறார். அண்ணன் சம்பாத்தியத்தில்தான் அந்த வீடு நின்றது. கையெழுத்துப் போட்டாள். மதுரை வேலை போனது.

"வலது பக்க மூலையில ஒரு கீறல் இருக்குமே" என்றாள். "கோபத்துல நான்தான் அத மேசையில வச்சு இழுத்தேன்."

ராமலெட்சுமி மேசையைத் தாண்டிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக் காலை வந்து இதைச் சொல்லு என்று கேட்டாள். நூர் நிஷா தலையை ஆட்டினாள். முடியாது. எழுதிக் கொடுத்த கடிதம் அவர்கள் கையில் இருக்கிறது. ஒருமுறை திருடி என்று ஒத்துக்கொண்டவள் பேச்சை யார் நம்புவார்கள் என்றாள்.

வேனுக்குத் திரும்பும்போது சோணைமுத்து கொதித்துக்கொண்டிருந்தான். இரண்டு நல்ல வார்த்தை சொல்லி அழைத்து வந்திருக்கலாம் என்றான்.

"பயந்தவள இழுத்துட்டுப் போய் நிறுத்துனா, நம்மளும் சின்னச்சாமியும் ஒண்ணுதான்" என்றாள் சுலைகா. "அவ வந்தா அவளா வரட்டும்."

"வராட்டி?"

"வராட்டி, எனக்கு சின்னச்சாமியோட வாய் ஒண்ணு போதும். இன்னைக்கு ஒரு வார்த்தை அதிகமாப் பேசியிருக்கார்."

*

வெள்ளிக்கிழமை காலை கல்லூரிக் கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. பாடம் கற்பிக்கும் ஆர்வத்தில் சின்னச்சாமி ஒருவரையும் விடவில்லை. முன்வரிசையில் துறைத் தலைவர்கள் வெள்ளி நிற லேப்டாப்போடு, பின்னால் மற்றவர்கள் கறுப்புப் பைகளோடு. "லேப்டாப்பப் பாத்தே சம்பளத்தக் கண்டுபிடிச்சிரலாம் போல" என்று முணுமுணுத்தபடி சோணைமுத்து சுவரோரம் நின்றான். அவன் கண் வாசலிலேயே இருந்தது. நூர் நிஷாவை எங்கும் காணவில்லை.

மேடை மேசையில் அந்த லேப்டாப். பக்கத்தில் புதிதாக டைப் அடித்த கடிதம், பேனா. பாக்கர் ஒரு ஓரமாக நின்றார். நிர்வாகம் எவ்வளவு நம்பிக்கையோடு லேப்டாப் கொடுக்கிறது, அதற்குச் சிலர் என்ன கைம்மாறு செய்கிறார்கள் என்று சின்னச்சாமி கொஞ்ச நேரம் பேசினார். பேசிவிட்டுப் பேனாவை ராமலெட்சுமியின் பக்கம் நகர்த்தினார்.

அவள் பேனாவைத் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். சுலைகா மேடை ஏறினாள்.

"சார், ஒரே ஒரு விஷயம். போன வருஷம் மாத்துன லேப்டாப் பீரோவுல இருக்குன்னு நேத்துச் சொன்னீங்க. அதையும் பக்கத்துல வச்சிட்டா, ரெண்டும் ஒரே கடையில வாங்குனதான்னு பாத்திரலாம். உங்களுக்கும் ஸ்ட்ராங்கான சாட்சி."

சின்னச்சாமி ஒரு கணம் தடுமாறினார். ஒரு கணம்தான். அதெல்லாம் இப்போது எதற்கு என்றார். முன்வரிசையில் யாரோ, எடுத்து வரலாமே சார் என்றார்கள். நேற்று வாய்விட்டதை இன்று இத்தனை பேர் முன்னால் இல்லையென்று சொல்ல முடியாது. அவர் பாக்கர் பக்கம் திரும்பினார். பாக்கர் எப்படியாவது சமாளிப்பார், சாவி இல்லை என்பார், தேடிப் பார்க்க வேண்டும் என்பார். அப்படித்தான் அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"பாக்கர், பீரோவுல இருக்கிறத எடுத்துட்டு வாய்யா."

பாக்கர் நகரவில்லை.

"சொல்றேன்ல."

"பீரோவுல லேப்டாப் எதுவும் இல்ல சார்."

"இல்லன்னா? அப்ப எங்க?"

பாக்கர் அன்றைக்குத்தான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க முன்னாடி இருக்கு சார். அதுதான் இது."

அறையில் நாற்காலிகள் அசைந்தன. சின்னச்சாமி உளறாதே என்று அதட்டினார். இந்தப் பழைய டப்பாவை அந்தப் பெண்தான் எங்கோ வாங்கி வைத்திருக்கிறாள், இவனுக்குக் கூலி கொடுத்துப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அப்போது பின்பக்கக் கதவு திறந்தது. நூர் நிஷா வந்தாள். யாரையும் பார்க்காமல் நடுவே நடந்து மேடை ஏறினாள். லேப்டாப்பைத் திருப்பி, வலது மூலைக் கீறலை எல்லோருக்கும் தெரியும்படி காட்டினாள். பிறகு கீபோர்டைத் திறந்து ஸ்டிக்கர்களை உரிக்கத் தொடங்கினாள். ஒவ்வொன்றாக. அவசரமே இல்லாமல். ஆங்கில எழுத்துக்குக் கீழே அரபி எழுத்து. அடுத்ததிலும். அதற்கடுத்ததிலும்.

"போன வருஷம் இது மேல ஸ்டிக்கர் இல்ல" என்றாள். "நான் எழுதிக் குடுத்தது பொய். பயந்து எழுதுனேன். இன்னைக்கு எல்லாரு முன்னாடியும் சொல்றேன், நான் எடுக்கல."

மெக்கானிக்கல் துறை வரிசையில் கூத்தையா எழுந்தார். தலை நரைத்த, யாருக்கும் தொந்தரவில்லாத மனிதர். "என் மச்சினன் மஸ்கட்ல இருக்கான்" என்றார். செருமிவிட்டுத் தொடர்ந்தார். "எனக்குக் காட்டுனதும் இதே சனியனத்தான். நானும் எழுதிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

திருட்டு மூன்று, லேப்டாப் ஒன்று. சோணைமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை விட்டுப் போக நினைப்பவர்களை நிறுத்தி வைக்க அந்தப் பழைய மெஷின் ஒரு சங்கிலியாக இத்தனை வருஷம் கிடந்திருக்கிறது. நல்ல விரிவுரையாளர் யாராவது போய்விடுவார் என்ற பயம் வந்தால் பீரோ திறக்கும், அது வெளியே வரும்.

சுலைகா பாக்கரிடம் திரும்பினாள். நேற்று நீங்கள் கன்வர்ட்டரோடு வந்ததால்தான் எனக்குப் பிடி கிடைத்தது, அவசரத்தில் தவறிவிட்டீர்கள் என்றாள்.

"தவறல மேடம்" என்றார் பாக்கர். "போன வருஷமே அந்த ஒயர மாத்திரச் சொன்னார். கடையில சாதாரணமாக் கிடைக்கும். நான் மாத்தல. யாராவது ஒருத்தர் ஏன்னு கேப்பாங்கன்னு பாத்தேன். நேத்து நீங்க வந்திருக்கிறதா ஆள் சொன்னான். கன்வர்ட்டர எல்லாத்துக்கும் முந்தி மேசை மேல வச்சேன்."

சுலைகா பாக்கரை நிமிர்ந்து பார்த்தாள். தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்ததை இன்னொருவர் கையில் எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்த முகம் அது. சோணைமுத்து அதற்கு முன் அதைப் பார்த்ததில்லை.

நேராகவே சொல்லியிருக்கலாமே என்று யாரோ கேட்டார்கள்.

"என் டிப்ளமோவும் அந்தப் பீரோவுலதான் கிடக்கு" என்றார் பாக்கர். "ராமலெட்சுமி மேடம் கொண்டாந்து குடுத்த லேப்டாப்பும் ஸ்டோர்லதான் இருக்கு. புதுசா வர்ற ஆளுக்குன்னு பேர் ஒட்டி வச்சாச்சு."

சின்னச்சாமி குரலைத் தணித்தார். உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்றார். சுலைகா கதவைக் காட்டினாள்.

"போலீசுக்குப் போறதா நீங்கதான் சார் சொன்னீங்க. வாங்க, வண்டி வாசல்ல நிக்குது. ஸ்டோர்ல இருக்கிற லேப்டாப்பையும் எடுத்துக்கங்க, இதையும் எடுத்துக்கங்க."

அவர் போகவில்லை. பாக்கரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்து, ராமலெட்சுமியின் கவரை மட்டும் எடுத்து வரச் சொன்னார். மட்டும் என்ற வார்த்தையை அழுத்தினார். கவர் வந்தது. அதை அவளிடம் நீட்டி, இதோடு பிரச்சினை முடிந்தது, காரைக்குடிக்கு நேரமாகிறது, கிளம்பம்மா என்றார்.

நேரம் ஆகத்தான் செய்தது. வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கிளம்பினால் போய்விடலாம். சோணைமுத்து சாவியைக் கையில் எடுத்தே விட்டான்.

ராமலெட்சுமி கவரை வாங்கவில்லை.

"மேசையில வைங்க சார். பீரோ முழுசாத் திறக்கட்டும். முதல்ல பாக்கர் அண்ணனோடது வரட்டும். அப்புறம் நூர் நிஷா, கூத்தையா சார், இங்க உக்காந்திருக்கிற எல்லாரும். என்னோடத கடைசியா வாங்கிக்கிறேன்."

"உன் வேலை போயிரும்மா."

"போனா போகட்டும் சார். அதுவரைக்கும் நான் இங்கனதான் நிப்பேன்."

கூத்தையா மேடைக்கு வந்து தன் கறுப்பு லேப்டாப்பைப் பையோடு மேசையில் வைத்தார். வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றுகொண்டார். அடுத்து நூர் நிஷா. பின்வரிசையிலிருந்து ஒருவர், இன்னொருவர். மேசை நிறைந்து தரையில் அடுக்கத் தொடங்கினார்கள். முன்வரிசைதான் தயங்கியது. கடைசியில் ஒரு துறைத் தலைவர் எழுந்து தன் மெலிதான வெள்ளி லேப்டாப்பைக் கறுப்புக் குவியலின் மேல் வைத்தார்.

பீரோவைத் தூக்கி வர முடியாது என்பதால் கவர்களை அட்டைப்பெட்டிகளில் அள்ளி வந்தார்கள். பாக்கர் பெயர் வாசித்தார். முதல் கவர் அவருடையதாக இருந்ததால் அதை வாசிக்க வரவில்லை. ராமலெட்சுமி வாங்கி வாசித்தாள். பாக்கர் தன் டிப்ளமோவைப் பிரித்துப் பார்த்தார், மடித்தார், திரும்பப் பிரித்தார். அல்ஹம்துலில்லாஹ் என்று உதடு அசைந்தது. பிறகு அடுத்த பெயரை வாசித்தார்.

நூர் நிஷாவின் கவரோடு அவள் எழுதிக் கொடுத்த கடிதமும் வந்தது. அதை அவள் கிழிக்கவில்லை. சுலைகாவிடம் கொடுத்து, இந்தக் கேஸ் போகிற இடத்துக்கு இதுவும் போகட்டும் அக்கா என்றாள். மாலையில் தேவிபட்டினம் காவல் நிலையத்துக்குப் போன புகாரில் மூன்று பேரின் கையெழுத்து இருந்தது. முதல் கையெழுத்து அவளுடையது.

ராமலெட்சுமியின் முறை வந்தபோது மதிய ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவள் நின்ற நிலையிலேயே ஒவ்வொரு தாளாகச் சரிபார்த்தாள். புகாரில் அவள் தன் கையெழுத்தைப் போட்டு வைத்துவிட்டு வேனில் ஏறினாள்.

அந்த ஆம்னி அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஓடியதில்லை. ஆர்.எஸ்.மங்கலம் தாண்டும்வரை சோணைமுத்து வாயே திறக்கவில்லை. தேவகோட்டையில் ரயில்வே கேட் போட்டிருந்தது. அதற்கு மேல் அவனால் முடியவில்லை.

"மேடம், புது வேலையில லேப்டாப் உண்டா?"

"டெஸ்க்டாப்தான். ரெண்டு பேருக்கு ஒண்ணு."

"நல்லதாப் போச்சு. அதத் தூக்கிட்டுப் போனீங்கன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது."

ராமலெட்சுமி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். கேட் திறந்தது. காரைக்குடியில் அலுவலகக் கதவை ஒரு பணியாளர் சாத்திக்கொண்டிருந்தார். வேன் நிற்பதற்குள் அவள் குதித்து ஓடினாள். ஒரு காலை வாசலுக்குள் வைத்து, கதவைக் கையால் பிடித்து நிறுத்தி, கவரை உயர்த்திக் காட்டினாள். அவர் கதவைத் திறந்துவிட்டார்.